சரிபாதி – அத்தியாயம் 14: மூட்டையும் துணுக்கும்

போன வாரம் சர்வேயர் குடும்பத்தில் நால்வரையும் பிராணிகள் காப்பகத்து வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு வந்தோம். ஒன்று போதும் என்று போன இடத்தில், "ரெண்டையும் கொண்டு போங்க, இல்லேன்னா ரெண்டையும் விட்டுட்டுப் போங்க. ஒண்ணை விட்டு ஒண்ணு இருக்காது" என்று காப்பகத்துக்காரம்மா இடுப்பில் கைவைத்துச் சொல்லிவிட்டார். பின்னால் தகரக் கொட்டகை முழுக்க நாய்கள் அதை ஆமோதித்துக் குரைத்தன. சர்வேயர் தாடையைச் சொறிந்தார்.

சொறிந்து முடித்ததும் இரண்டையும்தான் கொண்டு வந்தார். உள்ளூர அவருக்கு அதில் நிம்மதி. வீட்டில் பெண்கள் இரண்டு. ஒரே ஒரு பிராணி என்றால் முதலில் யார் மடியில் என்ற கேள்வி வரும். இரண்டு என்றால் வகுத்தால் மீதி வராது.

இந்த மனிதர் வகுத்தே பிழைப்பவர். அண்ணன் தம்பி முகம் பார்க்காத நிலங்களில் போய் நாடா பிடித்து, கல் நட்டு, "இது உனக்கு, இது அவனுக்கு" என்று சொல்லிவிட்டு வருவது தொழில். பெரியவள் அவருடைய மகள். சின்னவள் அவர் மனைவியின் மகள். கணவன் மனைவி இருவருக்கும் இது இரண்டாவது கல்யாணம். மாற்றாந்தாய், மாற்றாந்தகப்பன் என்று சொந்தக்காரர்கள் நாக்கு நீளும் முன்பே சர்வேயர் வீட்டையும் அளந்து போட்டார். ஒரே மாதிரிக் கட்டில், ஒரே மாதிரி விளக்கு, குளிர்பெட்டியில் ஆளுக்கொரு தட்டு. அவர் கேக் வெட்டினால் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட இரண்டு சாட்சி இல்லாததுதான் குறை.

இத்தனைக்குப் பிறகும் சின்னவள் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் எங்க அப்பாகிட்டப் போயிடறேன்."

காரணம் கேட்டதற்கு, "இங்க எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள். அவளுடைய அப்பா ஞாயிற்றுக்கிழமை காரோடு வருவதாக ஏற்பாடு. அதற்குள் வீட்டில் ஓர் உயிர் வந்தால் பிள்ளை மனசு மாறும் என்பது மனைவியின் கணக்கு. சர்வேயருக்கும் அது தெரியும். லஞ்சம் என்று நினைத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்தக் கினிப் பன்றிகள் இரண்டும் வந்தன. பெயரில் பன்றி, பார்க்க எலி, கத்தினால் குருவி.

"வாலைக் காணோமே! வர்ற வழியில எங்கயாவது விழுந்திருச்சா?" என்றாள் பெரியவள். அவளுக்கு வாய் ஓயாது. பழுப்பு நிறத்தில் பெரிதாக இருந்ததற்கு மூட்டை என்று அவள்தான் பெயர் வைத்தாள். வெள்ளை மூக்கோடு சிறியதாக இருந்ததை சின்னவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "துணுக்கு" என்றாள். மூட்டை பெரியவளுக்கு, துணுக்கு சின்னவளுக்கு. கூடத்து மூலையில் கூண்டு. எல்லாம் சுபம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்வேயர் கைகட்டிக் கூண்டருகே நின்று பார்த்தார். மூட்டை துணுக்கை இடுப்பால் இடித்தது. துணுக்கு ஒரு பக்கம் போனால் குறுக்கே புகுந்து மறித்தது. துணுக்கின் வாயில் இருந்த புல்லின் மறுமுனையைப் பிடித்து இழுத்தது.

"ஆக்கிரமிப்பு" என்றார் சர்வேயர்.

"ஏங்க, அதுங்க விளையாடுதுங்க" என்றாள் மனைவி.

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. அப்புறம் கோர்ட்ல நின்னு அழுவாங்க."

ஜன்னலுக்கு வாங்கி மீந்திருந்த பிளாஸ்டிக் தகடு ஒன்று பரணில் கிடந்தது. கண்ணாடி போலத் தெளிந்த தகடு. அதை அறுத்து, கூண்டின் நட்டநடுவில் நிறுத்தி, இரு முனையிலும் திருகு போட்டு முடுக்கினார். இந்தப் பக்கம் ஒரு கிண்ணம், ஒரு தண்ணீர்ப் புட்டி, ஒரு மரப்பெட்டி. அந்தப் பக்கமும் அதே.

"பிரிக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே அங்கிள்" என்றாள் சின்னவள்.

"பிரிக்கலையேம்மா. ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டே இருக்கலாம். அவங்கவங்க பங்கை அவங்கவங்க நிம்மதியா சாப்பிடலாம்."

"அது கத்துது."

"பழகிடும்."

சனிக்கிழமை காலையில் அவர் எழுந்து வந்தபோது சின்னவள் கூண்டுக்கு முன்னால் முழங்காலிட்டு இருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. மனைவி அதற்குள் பரிசோதனைக் கூடத்துக்குக் கிளம்பிப் போயிருந்தாள். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ரத்தம் எடுப்பது அவள் வேலை.

"துணுக்கு சாப்பிடல" என்றாள் சின்னவள்.

கிண்ணத்தை எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்தார். இரண்டுக்கும் ஒரே எடை வைத்தவர் அவர்தானே. வைத்தது வைத்தபடி இருந்தது. புல்லில் ஒரு குச்சி குறையவில்லை. விரித்திருந்த காகிதத்தில் ஒரு புழுக்கை இல்லை. துணுக்கு மூலையில் முடி சிலிர்த்துப் பந்தாகக் கிடந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. தொட்டால் நகரவில்லை.

தகட்டுக்கு மறுபக்கம் மூட்டை நின்று கத்தியது. விடாமல் கத்தியது.

"அப்பா, டாக்டர்கிட்டப் போலாம்பா. செல்போன்ல பார்த்தேன், இதுங்க ஒருநாள் சாப்பிடலேன்னாலே..." என்று பெரியவள் ஆரம்பித்து, சின்னவள் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கினாள்.

"நீ மூட்டையைப் பார்த்துக்கோ. நாங்க போயிட்டு வர்றோம்."

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் துண்டை விரித்துத் துணுக்கை வைத்தார்கள். காரில் சின்னவள் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டாள். கடைகள் திறக்காத தெரு. சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டாள்:

"செத்துடுமா அங்கிள்?"

"தெரியலம்மா."

அவள் பெட்டியின் மூடியை ஒருமுறை தடவினாள்.

"அம்மாவா இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லியிருப்பாங்க" என்றாள்.

"ம்."

"நேத்து நான் சொன்னேன்ல, கத்துதுன்னு."

"சொன்னே."

"நீங்க பழகிடும்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஒலியெழுப்பும் வரை அவர் வண்டியை எடுக்கவில்லை. நாளைக்கு இந்தப் பெண் போகிறவள். போகும்போது இந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போகப்போவது இது ஒன்றைத்தான் என்று அவருக்குத் தோன்றியது: அந்த ஆள் என் துணுக்கைக் கொன்றுவிட்டார். அப்படி அவள் ஒருநாளும் சொல்ல மாட்டாள். சொல்லாத பெண் என்பதுதான் பயமாக இருந்தது.

கால்நடை மருத்துவர் வயதில் சிறியவர். கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தார். துணுக்கை எஃகு மேஜையில் துண்டோடு வைத்து, வயிற்றில் குழலை வைத்துக் கேட்டார். இடம் மாற்றி வைத்தார். மறுபடி மாற்றினார்.

"சத்தமே இல்ல" என்றார். "இதுங்க குடல் ஓடிக்கிட்டே இருக்கணும். நின்னுச்சுன்னா அப்புறம் ஓட வைக்கறது கஷ்டம்."

ஓர் ஊசி போட்டார். பச்சையாக ஒரு கூழைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து வாயோரம் விட்டார். கூழ் வாயோரமாகவே வழிந்து துண்டில் இறங்கியது. இன்னொரு முறை விட்டார். அதுவும் வழிந்தது.

"முழுங்க மாட்டேங்குதே டாக்டர்" என்றார் சர்வேயர்.

"முழுங்கணும்னு அதுக்குத் தோணணும் சார். அதை நான் ஊசியில ஏத்த முடியாது."

சின்னவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது அவருடைய போன் அடித்தது. எடுத்தவர் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். அப்படி ஒரு சத்தம்.

"அப்பா! இது நிறுத்தவே மாட்டேங்குது! நீங்க கிளம்பினதுலேருந்து கத்துது! கீழ்வீட்டு மாமா வந்து குக்கரை இறக்க மறந்துட்டீங்களான்னு கேட்டுட்டுப் போறார்! கேளுங்க, கேளுங்க!"

பெரியவள் போனைக் கூண்டருகே கொண்டுபோனாள் போலும். மூட்டையின் குரல் கம்பியாக நீண்டு அந்தச் சின்ன அறைக்குள் வந்தது.

மேஜையில் துணுக்கு தலையைத் தூக்கியது.

நேற்று ராத்திரியிலிருந்து எதற்கும் அசையாத தலை. டாக்டரின் கை அந்தரத்திலேயே நின்றது. "ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார் மெதுவாக. "மேஜை மேல வைங்க."

வைத்தார். மூட்டை கத்தியது. துணுக்கு எழுந்தது. நாலு காலும் நடுங்கின. துண்டை விட்டு இறங்கிப் போனை நோக்கி நேராக நடந்தது. நடுவே சிரிஞ்சு வைக்கும் தட்டு இருந்தது. அதில் போய் முட்டியது. பின்வாங்கி மறுபடி நடந்து மறுபடி அதே தட்டில் முட்டியது.

டாக்டர் தட்டை எடுத்துவிட்டுத் தன் உள்ளங்கையைக் குறுக்கே வைத்தார். துணுக்கு அதிலும் முட்டியது.

அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து அதன் கண்ணில் அடித்தார். அணைத்தார். அடித்தார். ஒரு பஞ்சுருண்டையைக் கண்ணுக்கு நேரே மேலும் கீழும் ஆட்டினார்.

"இதுக்குக் கண்ணு தெரியாது சார்."

"கண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்றார் சர்வேயர். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது முட்டாள்தனமான கேள்வி என்று தெரிந்தது.

"பார்க்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். பிறவியிலேயே இல்லாம இருக்கலாம். காப்பகத்துல சொல்லலையா?"

சொல்லவில்லை. நடைவழியில், கிளிக்கூண்டோடு உட்கார்ந்திருந்த ஒருவருக்குப் பக்கத்தில் நின்று, சர்வேயர் காப்பகத்துக்குப் போன் போட்டார்.

"எதுக்குக் கண்ணு தெரியாது? வெள்ளை மூக்குக்கா?" காப்பகத்துக்காரம்மா சிரித்தார். "சும்மா இருங்க சார். மாசக்கணக்கா என் கண்ணு முன்னால ஓடிச்சு. பெட்டிக்குள்ள நுழையும், வெளிய வரும், ஒரு இடத்துல முட்டி நான் பார்த்ததில்ல. மத்ததுகூடச் சேர்ந்து என்ன ஓட்டம் ஓடும் தெரியுமா?"

"மத்ததுகூடவா?"

"ஆமா, ரெண்டும் சேர்ந்துதான..." அந்தம்மாவின் குரல் நின்றது. பின்னால் நாய்கள் குரைத்தன. "தனியா ஓடி நான் பார்த்ததே இல்ல சார்" என்றார். "பிரிக்காதீங்கன்னு சொன்னேன் பாருங்க. சத்தியமா ஏன்னு எனக்கே தெரியாது. பிரிச்சா சரிப்படாதுன்னு மட்டும் தோணிச்சு."

சர்வேயர் போனை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். கிளிக்காரர், "என்ன சார், மோசமா?" என்று கேட்டார்.

அவர் மண்டைக்குள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்ப ஓடியது. இடுப்பால் இடித்தது. குறுக்கே மறித்தது. இந்தக் கையால் தகடு அறுத்து நடுவில் நிறுத்தி, பார்த்துக்கொள்ளலாமே என்று சொன்னவர் அவர். கண் இல்லாத ஒன்றுக்கு, தொட்டுக்கொண்டு நடந்த ஒரே துணையையும் மறித்துவிட்டு, பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார்.

உள்ளே டாக்டர் துணுக்கைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். "மருந்து இருக்கட்டும். முதல்ல வீட்டுக்குக் கொண்டு போங்க" என்றார். "சாயந்திரத்துக்குள்ள புழுக்கை போடணும். போடலேன்னா திரும்பக் கொண்டு வாங்க. நான் இருப்பேன்."

கிளம்பும்போது பெரியவளை மறுபடி போனில் பிடித்தார்; வீடு வரும்வரை இணைப்பைத் துண்டிக்கவே இல்லை. சின்னவள் போனைப் பெட்டியின் மூடி ஓட்டைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் மூட்டையின் குரல் குதித்தது.

வாசற்படி ஏறும்போதே அந்தக் குரல் இரண்டாகக் கேட்டது, போனிலும் வீட்டிலுமாக. சர்வேயர் செருப்பைக்கூடக் கழற்றாமல் திருப்புளியைத் தேடினார். முடுக்கிய திருகு சுலபத்தில் வரவில்லை. இந்த மனிதர் எதைச் செய்தாலும் கெட்டியாகச் செய்வார்.

"வேகமாப்பா" என்றாள் பெரியவள்.

தகட்டை உருவும்போதுதான் அதைப் பார்த்தார். மூட்டையின் பக்கத்தில், தரையிலிருந்து ஒரே உயரத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மூக்கு ஈரம் காய்ந்த ஒரு கோடு. விடிய விடிய ஒரு மூக்கு அந்தத் தகட்டின் நீளத்தை நடந்து அளந்திருக்கிறது. போய்ப் போய்த் திரும்பியிருக்கிறது. எங்காவது வழி இருக்குமா என்று. இரண்டு கீழ்மூலையிலும் பல் பட்டுத் தகடு வெளுத்திருந்தது. எத்தனையோ கருவி வைத்து எத்தனையோ கோடு போட்டவர் அவர். இவ்வளவு நேரான ஒன்றை அவர் பார்த்ததில்லை.

சின்னவள் துணுக்கைக் கூண்டில் இறக்கினாள்.

கத்தல் நின்றது. சட்டென்று வீடு காலியானது போல் இருந்தது.

மூட்டை ஓடி வரவில்லை. ஒவ்வொரு அடியாக வந்தது. துணுக்கின் மூக்கை மோந்தது. கழுத்து, முதுகு, ஊசி போட்ட இடம் என்று மோந்துகொண்டே போய், மருந்து வாசனை தாங்காமல் ஒரு தும்மல் போட்டது. பிறகு சுற்றி வந்து, துணுக்கின் தாடைக்கு அடியில் தன் தலையைக் கொடுத்தது. ஒரு சத்தம் எழுந்தது. சர்வேயர் அதைக் காதால் கேட்பதற்கு முன்னால், தரையில் ஊன்றிய உள்ளங்கையில் உணர்ந்தார். உறுமல் மாதிரி, ஆனால் அவ்வளவு கீழே, அவ்வளவு மெல்ல.

துணுக்கின் சிலிர்த்த முடி படியத் தொடங்கியது.

மூட்டை அதன் கண்களை நக்கியது. இடது கண், பிறகு வலது கண். பார்க்காத அந்த இரண்டு கண்ணையும் வேறெதையும்விட நிதானமாகச் சுத்தம் செய்தது.

அப்புறம் இடுப்பால் ஓர் இடி கொடுத்தது.

"பாருங்க, பாருங்க" என்று சின்னவள் கிசுகிசுத்தாள். யாரையும் பார்க்காமல் சர்வேயரின் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

சர்வேயர் தரையில் வயிற்றைப் போட்டுப் படுத்துவிட்டார். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் வேறாக இருந்தது. துணுக்கின் மீசை முடி மூட்டையின் விலாவை விட்டு அகலவே இல்லை. மூட்டை வெளிப்பக்கமாக நடந்தது; துணுக்கு உள்பக்கம். மரப்பெட்டியின் கூர்முனை வரும் இடத்தில் மூட்டை குறுக்கே புகுந்து நின்றது. துணுக்கும் நின்றது. பிறகு மூட்டை அதைப் பெட்டியைச் சுற்றி வளைத்துக் கூட்டிப் போனது. தண்ணீர்ப் புட்டி தொங்கும் இடத்தில் தலைக்கு இடிக்காமல் ஒதுக்கியது. புது வீடு. வந்து இரண்டு சாயங்காலம்தான் ஆகியிருந்தது. அதற்குள் இந்த இடத்தின் மேடு, முனை, மூலை எல்லாம் அந்தப் பழுப்பு மண்டைக்குள் ஏறியிருந்தது. தனக்கு ஒன்று, துணுக்குக்கு ஒன்று என்று இரண்டு பேருக்காக ஏறியிருந்தது.

காய்ந்த புல் குவியலுக்கு வந்ததும் மூட்டை நின்றது. ஒரு நீளக் குச்சியை இழுத்துக் கடித்தது. மென்றது. வேண்டுமென்றே என்று சொல்லும் அளவுக்குச் சத்தமாக மென்றது. பாதிக் குச்சி வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. துணுக்கு மூக்கால் தேடி, அந்த வெளிமுனையைக் கண்டுபிடித்தது.

கடிக்கவில்லை.

மூட்டை மெல்லுவதை நிறுத்தியது. அசையாமல் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதற்கும் நேற்றிலிருந்து பட்டினிதான் என்பது சர்வேயருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பக்கத்துக் கிண்ணத்தை யாரும் தராசில் வைக்கவில்லை. கத்துகிற வாய் எப்படித் தின்றிருக்கும்?

துணுக்கின் தாடை அசைந்தது. ஒரு முறை. பிறகு மறுபடி. கறுக் கறுக் என்று ஒரு சின்னச் சத்தம் கிளம்பி, நிற்காமல் தொடர்ந்தது. குச்சி இரண்டு பக்கமும் குறைந்துகொண்டே வந்து, இரண்டு மூக்கும் தொட்டுக்கொண்ட இடத்தில் தீர்ந்தது. மூட்டை அடுத்த குச்சியை இழுத்தது.

மனைவி எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. தோளில் பையோடு கதவருகே நின்றுகொண்டிருந்தாள். அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். வாய் ஓயாத பெரியவள்கூட வாயைத் திறந்து வைத்திருந்தாளே ஒழிய சத்தம் வரவில்லை.

"ஏங்க" என்றாள் மனைவி கடைசியில். "மூச்சு விடுங்க. முகம் நீலமாகுது."

சாயங்காலத்துக்குள் புழுக்கை வர வேண்டும் என்று டாக்டர் சொன்னது பாக்கி இருந்தது. டாக்டர் கொடுத்தனுப்பிய கூழை மதியம் முழுக்க மனைவி துணுக்கை மடியில் வைத்துச் சிரிஞ்சால் ஊட்டினாள். மூட்டையையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். இப்போது கூழ் வழியவில்லை. "நரம்பே கிடைக்காத கையிலெல்லாம் ஊசி போடறவ நான். இதென்ன, வாய் இவ்வளவு பெரிசா இருக்கு" என்று பெருமையடித்தாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் பெரியவள் வீடு அதிரக் கூவினாள். "போட்டுடுச்சு! துணுக்கு போட்டுடுச்சு!"

நாலு பேரும் ஓடி வந்து குனிந்தார்கள். காகிதத்தின் மேல் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரே ஒரு புழுக்கை. கோயில் சிலையைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தார்கள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சர்வேயர், "நல்ல உருண்டை" என்றார். அதைவிடப் பொருத்தமாகச் சொல்ல அந்த நேரத்தில் அவரிடம் எதுவும் இல்லை.

விளக்குப் போட்ட பிறகு சின்னவள் கூண்டருகே உட்கார்ந்திருந்தாள். உள்ளே மூட்டை கால் நீட்டிப் படுத்திருந்தது. வந்ததிலிருந்து அது படுத்து இப்போதுதான் பார்க்கிறார்கள். அதன் முதுகில் தாடையை வைத்துத் துணுக்கு தூங்கியது.

"அங்கிள்" என்றாள். "நாளைக்கு நான் போகும்போது துணுக்கை மட்டும் கூட்டிட்டுப் போக முடியாதுல்ல?"

சமையலறையில் குழாய் நின்றது. மனைவி கை ஈரத்தோடு வந்து நிலைப்படியில் நின்றாள். சர்வேயரைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்கு நன்றாகப் புரிந்தது. முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளையைப் பிடித்து நிறுத்தத்தானே இவற்றைக் கொண்டு வந்தது? நினைத்ததற்கு மேலாகவே பலித்திருக்கிறது. அந்தச் சின்ன உயிரை விட்டுவிட்டு இவள் போக மாட்டாள். எடுத்துக்கொண்டும் போக முடியாது. பூட்டு தானாகவே விழுந்துவிட்டது.

சர்வேயர் கூண்டைப் பார்த்தார். கோடு கிடந்த தகடு சுவரோரம் சாய்ந்திருந்தது.

"மட்டும் முடியாதும்மா" என்றார். "ரெண்டையும் கொண்டு போ."

"ஏங்க!" என்றாள் மனைவி.

சின்னவள் திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் அவள் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "மூட்டை அக்காவோடது" என்றாள்.

"ஆமா" என்றது இன்னொரு குரல்.

பெரியவள் குளியலறை வாசலில் பல் துலக்கும் பிரஷோடு நின்றிருந்தாள். வாயோரம் நுரை. "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேராக வந்து கூண்டின் மறுபக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்து, தகப்பனை விட்டுவிட்டுச் சின்னவளைப் பார்த்தாள்.

"மூட்டையை நான் தர மாட்டேன். துணுக்கைத் தனியாத் தூக்க முடியாது. இப்ப என்ன பண்ணுவே?"

"காலையில நான்தான் அதை டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போனேன்" என்றாள் சின்னவள். குரல் எழும்பியிருந்தது.

"நான் இங்க அது கத்தினதை நாள் முழுக்கக் கேட்டேன். எனக்குக் காதே போச்சு. அது கத்தினதாலதான் உன்னுது எழுந்துச்சு, தெரியும்ல?"

"அதுக்காக? என்னோடது என்னோடதுதான்!"

"அப்ப இங்கயே இருந்து வெச்சுக்கோ! யாரு வேணாம்னா? சும்மா சும்மா போறேன் போறேன்னு!"

"நான் போவேன், இருப்பேன், உனக்கென்ன!"

"எனக்கு இருக்கு!"

இந்த வீட்டில் இரண்டு பெண்களும் ஒருநாள்கூடச் சண்டை போட்டதில்லை. சொந்தக்காரர்கள் வந்து மெச்சிவிட்டுப் போவார்கள். என்ன ஒற்றுமை, என்ன பொறுமை என்று. சண்டை போடுவதற்கு இவர்களுக்குள் பொதுவான பொருள் எதுவும் இருந்ததில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. சத்தத்தில் துணுக்கு விழித்து மூக்கைத் தூக்கியது. மூட்டை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

பழக்க தோஷம், சர்வேயர் நடுவில் புகுந்து தீர்த்து வைக்க எழுந்தார்.

மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அழுத்திப் பிடித்தாள்.

"உட்காருங்க" என்றாள் காதோரம். அவள் கண் இரண்டு பெண்கள் மேலும் இருந்தது. துணுக்கு முதல் கடி கடித்தபோது எப்படிப் பார்த்தாளோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தயவு செஞ்சு நீங்க உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். கூண்டின் இரு பக்கமும் குரல் ஏறிக்கொண்டே போனது.